தென்கெடாத் தோட்டத்துக்கு எந்தத் துப்பாக்கி?

செம்பனையைச் சாய்த்து மறுநடவு செய்த நிலத்தைக் காட்டுப்பன்றி விட்டுவைப்பதில்லை. கன்றின் அடியை மூக்கால் கிளறிப் புரட்டி, உள்ளே இருக்கும் வெள்ளைக் குருத்தை மட்டும் தின்றுவிட்டு மட்டைகளை அங்கேயே போட்டுவிட்டுப் போகும். குருத்து போன கன்று பிழைக்காது. ஒரே இரவில் ஒரு வரிசையே காலியாகிவிடும். கிரியான் ஆற்றங்கரையில் கெடாவின் தென்கோடியாக இருக்கும் பண்டார் பாருவிலும், செர்டாங், லூபோக் புந்தார் பக்கமும் சில ஏக்கர் வைத்துப் பிழைக்கும் சிறுதோட்டக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் உர விலைக்கும் குலை விலைக்கும் அடுத்து இந்தப் பேச்சுதான் வரும். கையில் இருக்கும் காசுக்கு நம்பி வாங்கக்கூடிய துப்பாக்கி எது? இளவட்டங்களின் கேள்வி இன்னும் குறிப்பானது. ஒவ்வொரு முறை விசையை இழுத்ததும் அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் ஒன்று, மலிவாக, கிடைக்குமா?

சட்டம் சொல்லும் விடை சுருக்கமானது. மலேசியாவில் பயிரைக் காக்க உரிமம் கேட்கும் ஒருவருக்கு நடைமுறையில் கிடைப்பது 12 போர் ஷாட்கன்தான். அதிலும் பெரும்பாலும், நடுவில் மடித்துத் திறக்கும் ஒற்றைக் குழல் அல்லது இரட்டைக் குழல். மலாயில் ‘செனாப்பாங் பாத்தா’ என்பார்கள். போர்வீரன் தோளில் காணும் ரகத்து செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளை எண்ணிப் பணம் சேர்ப்பவர் வீணாகச் சேர்க்கிறார்.

ஆனாலும் அந்தக் கேள்வியை அங்கேயே மூடிவிடக் கூடாது என்று நினைக்கிறேன். தானாகத் தோட்டா ஏறும் ரைஃபிள்கள் இதே தென்கெடாத் தோட்டங்களில், இதே மழையில், பன்னிரண்டு ஆண்டுகள் நாள்தோறும் புழங்கியிருக்கின்றன. எது ஓடியது, எது மக்கர் செய்தது, ஏன் என்பதற்கெல்லாம் இந்த மண்ணிலேயே சாட்சி உண்டு. ரைஃபிள் கிடைக்காத இன்றைய சிறுதோட்டக்காரருக்கும் அந்த அனுபவம் உதவும்.

தோட்டத் தமிழர் கைக்குத் துப்பாக்கி பெருந்தொகையாக வந்தது பயிர் காக்க அல்ல. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூர் வந்து இறங்கியபின் பால்மரக்காட்டிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சரணடைந்த பிரிட்டிஷ் படையிடம் ஜப்பானியர் பறித்த ஆயுதங்களே அவர்களுக்கும் வந்தன. அதில் முதன்மையானது .303 லீ என்ஃபீல்ட். கையால் போல்டை இழுத்துத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவாக ஏற்ற வேண்டிய ரைஃபிள் அது. அந்த ராணுவத்தின் மகளிர் பிரிவான ஜான்சி ராணிப் படையினர் பயின்றதும் அதில்தான். கங்காணிக்கும் கிராணிக்கும் முன்னால் குனிந்தே நின்று பழகியவர்கள் நிமிர்ந்து நின்று ஆயுதம் தாங்கிய காலம் அது.

போர் முடிந்ததும் ஆயுதம் போய்விட்டது, அணிநடை மட்டும் மிஞ்சியது. கெடாவில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்துத் தோட்டம் தோட்டமாக அணிவகுத்தது. அவர்களிடம் துப்பாக்கி இல்லை. துப்பாக்கி போலீசிடம் இருந்தது. 1947 ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் தொழிலாளி ஒருவர் உயிர் விட்டார். தென்கெடாவில் துப்பாக்கியைப் பற்றி எழுதும்போது இதைத் தாண்டிக் கருவியின் இயக்கத்துக்கு நேரே போய்விட எனக்கு மனம் வரவில்லை. இந்த வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் துப்பாக்கியின் எந்த முனையில் நின்றன என்பதும் இந்தக் கேள்விக்குள் அடங்கியதுதான்.

அடுத்த ஆண்டே நிலைமை தலைகீழானது. 1948 ஜூன் 16 அன்று பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்டத் துரைகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது. தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் அவசர அவசரமாகத் திரட்டப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். சில வாரப் பயிற்சியோடு தோட்டத்துக்கு வந்த அந்த இளைஞர்களிடம் முதலில் கொடுக்கப்பட்டதும் .303தான். கூலிம், பாலிங் வட்டாரம் அபாயப் பகுதியாக இருந்த ஆண்டுகளில் லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. பெரட்டுக்குப் போகிறவர்கள்கூடச் சோதனை வாசலைத் தாண்டித்தான் பால்வெட்டுக்குப் போனார்கள்.

சாதாரண .303 ஏறத்தாழ 4 கிலோ எடை. ஒல்லியான உடம்புக்காரருக்கு அதைத் தூக்கிக்கொண்டு மேட்டிலும் சேற்றிலும் நடப்பது பெரும்பாடு. காட்டுப் போருக்கென்று அதையே குட்டையாக்கி பிரிட்டன் செய்த நம்பர் 5 ரைஃபிளுக்கு ‘ஜங்கிள் கார்பைன்’ என்று பெயர் நின்றுவிட்டது. எடை 3.2 கிலோ அளவுக்கு இறங்கியது. ஆனால் தோட்டா அதே தோட்டா. எடை குறைந்ததும் தோளில் விழும் உதை கூடியது, குழல் குட்டையானதும் வெடிப்பின் நெருப்பு முகத்துக்கு முன்னால் பளிச்சிட்டது. குறிவைத்துச் சரிசெய்த இடத்திலிருந்து குண்டு போகப் போக விலகுகிறது என்ற புகார் வேறு. 1947லேயே அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் மலாயாவில் அது பல ஆண்டுகள் புழங்கியது. இருக்கும் ஆயுதத்தைத்தானே கொடுக்க முடியும்?

செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் இங்கே வந்தது எம்1 கார்பைன் என்ற பெயரில். அமெரிக்க ராணுவம் 1941இல் ஏற்ற ஆயுதம் அது. முன்களச் சிப்பாய்க்கு என்று செய்ததல்ல. லாரி ஓட்டுபவர், பீரங்கிக்குக் குண்டு ஏற்றுபவர், கம்பிச் செய்தி அனுப்புபவர் போன்றோருக்குக் கைத்துப்பாக்கியைவிடக் கொஞ்சம் தூரம் எட்டும் இலேசான ஆயுதம் வேண்டும் என்று செய்தது. எடை 2.4 கிலோ, மேகசினில் 15 தோட்டா. போர்க்காலத்தில் 60 லட்சத்துக்கு மேல் தயாரானது. வின்செஸ்டர் மட்டும் செய்திருந்தால் அந்த எண்ணிக்கை வந்திருக்காது. தட்டச்சுப் பொறி செய்த அண்டர்வுட், கணக்குப் பொறி செய்த ஐபிஎம், பாட்டுப்பெட்டி செய்த ராக்-ஓலா எல்லாம் இதைச் செய்தன. ஒன்றின் செலவு சுமார் 45 டாலர், அதே ராணுவத்தின் பெரிய ரைஃபிளான காரண்டின் விலையில் ஏறத்தாழ பாதி. குறைந்த செலவில் நம்பகமான செமி ஆட்டோமேட்டிக் என்ற சொற்றொடருக்கு வரலாற்றில் எடுத்துக்காட்டு கேட்டால் இதைத்தான் காட்டலாம். மலாயாப் போலீசிடமும் தோட்டத் துரைகளிடமும் ஜீப்பிலிருந்து குதித்துச் சுடத் தோதான ஆயுதமாக இது பரவியதில் வியப்பில்லை.

அது இந்த ஈர நாட்டில் தாக்குப்பிடித்ததற்கு ஒரு காரணம் வெளியே தெரியாத இடத்தில் இருந்தது. அன்றைய .303 தோட்டாவின் அடியில் இருந்த வெடிமருந்துத் தொப்பி, வெடித்ததும் குழலுக்குள் உப்பைப் படியவிடும். உப்பு ஈரத்தை இழுக்கும். கெடா மழைக்காலத்தில் மாலையில் சுட்ட ரைஃபிளைத் துடைக்காமல் வைத்தால் காலையில் குழலுக்குள் செந்துரு பூத்திருக்கும். எண்ணெய் பூசினால் மட்டும் போதாது, உப்பு எண்ணெயில் கரைவதில்லை. கொதிக்கும் தண்ணீரைப் புனல் வைத்துக் குழலுக்குள் ஊற்றி உப்பைக் கழுவ வேண்டும். குழல் சூடேறி ஈரம் தானே காய்ந்ததும், கட்டையின் அடியில் பித்தளை மூடிக்குள் இருக்கும் கயிற்றை எடுத்து, அதன் கண்ணில் துணித்துண்டைக் கோத்து இழுக்க வேண்டும். துணி வெள்ளையாக வெளியே வரும்வரை இழுத்து, கடைசியாக எண்ணெய்த் துணி. இதைத் தவறாமல் செய்தவரின் .303 எத்தனை பருவமழை வந்தாலும் சுட்டது. எம்1 கார்பைனின் வாயுப் பகுதியை எளிதில் கழற்ற முடியாது என்பதால் அதன் தோட்டாவைத் தொடக்கத்திலிருந்தே உப்புப் படியாத தொப்பியோடு தயாரித்தார்கள். நம்பகம் என்று நாம் சொல்வதில் பாதி துப்பாக்கியில் இல்லை, தோட்டாவில் இருக்கிறது.

மீதியில் ஒரு பங்கு மேகசினில் இருக்கிறது. தானாக ஏறும் எந்த ரைஃபிளிலும் தோட்டாவைப் பிடித்து நிறுத்துவது மேகசினின் வாயில் வளைந்திருக்கும் இரண்டு மெல்லிய தகட்டு உதடுகள்தாம். கீழே விழுந்து ஒரு உதடு நெளிந்தால் தோட்டா கோணலாக எழும்பி வாயில் சிக்கும். உள்ளே இருக்கும் சுருள்வில் தளர்ந்தால் கடைசித் தோட்டாக்கள் மெதுவாக எழும்பும், போல்ட் அதைத் தாண்டி வெறுமனே மூடிக்கொள்ளும். போல்டைக் கையால் இழுக்கும் .303இல் தோட்டா வெடிக்காவிட்டால் ஒரே இழுப்பில் அதைத் தூக்கி எறியலாம். செமி ஆட்டோமேட்டிக்கில் அடுத்த தோட்டாவை ஏற்றும் சக்தியே முந்தைய தோட்டா வெடித்த வாயுவிலிருந்து வருகிறது. ஒரு தோட்டா ஈரமாகித் தவறினால் சங்கிலி அறுந்துவிடும். எம்1 கார்பைனின் சிறிய குண்டு ஆளை நிறுத்துவதில்லை என்ற புகாரும் அன்று பரவலாக இருந்தது. 110 கிரெய்ன் எடை, நொடிக்குச் சுமார் 600 மீட்டர் வேகம். .303இன் குண்டு 174 கிரெய்ன், 740 மீட்டருக்கு மேல். பன்றிக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும்.

காட்டுக்குள் போன படைகளின் அனுபவம் இன்னும் கண் திறப்பது. புதருக்குள் எதிரி தெரிவது சில மீட்டரில், சில நொடிக்கு. அதனால் அணியின் தலையில் நடப்பவர் கையில் ரைஃபிளுக்குப் பதிலாக ஷாட்கன் கொடுக்கும் வழக்கம் மலாயாவில் வேரூன்றியது. அதில் பேர் வாங்கியது ஐந்து தோட்டா கொள்ளும் பிரௌனிங் ஆட்டோ-5. ஜான் பிரௌனிங் 1900இல் காப்புரிமை பெற்று, பெல்ஜியத்தின் எஃப்என் ஆலையில் 1902இல் உற்பத்தியான செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன் அது. தோட்டாவுக்கேற்ப அதை இசைக்கத் தெரியாதவர் கையில் அது சீக்கிரம் கெட்டது. முன்கட்டையைக் கழற்றினால் மேகசின் குழாய்மேல் ஒரு சுருள்வில்லும், வெண்கல உராய்வுப் பட்டையும், ஒருபக்கம் சரிந்த எஃகு வளையமும் இருக்கும். கனத்த தோட்டா போடும்போது வளையம் ஒரு இடத்தில், இலேசான தோட்டாவுக்கு வேறொரு இடத்தில். மாற்றிப் போட்டால் ஒன்று தோட்டா வெளியே வராது, அல்லது ஒவ்வொரு வெடிக்கும் குழல் வேகமாகப் பின்னால் வந்து மோதி முன்கட்டையை நாளடைவில் பிளந்துவிடும். பழைய ஆட்டோ-5ஐக் கையில் எடுத்தால் முதலில் முன்கட்டையின் பின்விளிம்பில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பவர் விவரம் தெரிந்தவர்.

அன்றைய ஷாட்கன் தோட்டாவின் உறை காகிதம். பிளாஸ்டிக் உறை 1960க்குப் பிறகுதான் வந்தது. காகித உறை புழுங்கும் அறையில் ஈரம் குடித்து ஊதிப்போகும். ஊதிய தோட்டா இரட்டைக் குழலுக்குள் போகாது, போடும்போதே தெரிந்துவிடும், எடுத்து எறிந்துவிட்டு வேறு போடலாம். தானாக ஏறும் துப்பாக்கியில் அது உள்ளே போய்ப் பாதியில் நின்றுகொள்ளும். கண்ணெதிரே தவறும் கருவி, கண்மறைவில் தவறும் கருவி என்று இரண்டு உண்டு. வசதி குறைந்தவர் வாங்க வேண்டியது முதல் வகையை.

துப்பாக்கியின் விலையைப் பற்றி எழுதும்போது வேறொரு விலையையும் எழுதியாக வேண்டும். அவசரகாலச் சட்டத்தில் அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் மரணம் என்ற விதி இருந்தது. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, தஞ்சை மண்ணில் பிறந்து இங்கே வளர்ந்தவர், ஒரு ரிவால்வர் வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு அவருக்காகப் பரிந்து பேசியது, பலிக்கவில்லை. அவருக்குப் பின் தொழிலாளரை நடத்திய பி. வீரசேனன் அதற்கு முதல்நாள் மே 3 அன்று சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். இரண்டு நாளில் இரண்டு தலைவர்கள். அந்தத் தலைமுறைத் தோட்டத் தமிழர் மனத்தில் துப்பாக்கி என்றாலே சாவு என்று பதிந்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

அவசரகாலம் முடிந்தும் அந்தக் கடுமை முடியவில்லை. 1960இல் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்திலும் பாதுகாப்புப் பகுதியில் துப்பாக்கி வைத்திருப்பதற்கு மரண தண்டனை இருந்தது. 1977இல் பினாங்கில் கைத்துப்பாக்கியோடு பிடிபட்ட 14 வயதுச் சிறுவனுக்கு அதே தண்டனை விதிக்கப்பட்டு, நாடே கொந்தளித்தபின் குறைக்கப்பட்டது. இன்று நடப்பில் இருப்பவை 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 1971ஆம் ஆண்டின் துப்பாக்கி குற்றங்களுக்கான கூடுதல் தண்டனைச் சட்டமும். பின்னதன்படி உரிமமில்லாத துப்பாக்கியை வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. கட்டாய மரண தண்டனை 2023 ஜூலை 4 முதல் நீங்கியது, அது நல்லது. ஆனால் சட்டம் இளகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பிவிடக் கூடாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வசதியில்லாதவர் தேடும் குறுக்கு வழிகள் மூன்று. எல்லைக்கு அப்பாலிருந்து வந்ததாகச் சொல்லி இரகசியமாக விற்கப்படும் ரைஃபிள், உள்ளூரில் குழாயை வைத்து அடித்துச் செய்யும் ‘பக்காக்குக்’, மிதிவண்டிக் கம்பியில் போடும் சுருக்கு. முதல் இரண்டும் மேலே சொன்ன சட்டத்துக்குள் நேரே இழுத்துப் போகும். பக்காக்குக் அதற்கு முன்பே சுடுகிறவர் கண்ணையோ விரலையோ கொண்டுபோய்விடலாம். நீர்க்குழாய் இரும்பு 12 போர் தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. சுருக்குக் கம்பி 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பன்றிக்கு வைத்ததில் பக்கத்து வீட்டு நாய் மாட்டித் துடித்துச் சாவதைப் பார்த்தவர்களுக்கு வேறு காரணம் தேவைப்படாது. காற்றழுத்த ரைஃபிள் விளையாட்டுச் சாமான் என்று எண்ணி உரிமம் இல்லாமல் வாங்குபவர்களும் உண்டு. மலேசியச் சட்டத்தின் கண்ணில் அதுவும் ஆயுதமே.

இனி, நேரான வழியில் போகிறவருக்கு என்ன வாங்கலாம்?

முதலில் ரைஃபிள் ஏன் வேண்டாம் என்பதற்குச் சட்டம் தவிர இன்னொரு காரணம். பண்டார் பாருப் பக்கம் நிலம் தட்டை. தோட்டத்துக்குப் பின்னால் கம்போங், கம்போங்குக்குப் பின்னால் வாய்க்கால், அதன் கரையில் தூண்டில்காரர், வழியெங்கும் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். .303 குண்டு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் பாயும். மிகச் சிறிய .22கூட ஒன்றரைக் கிலோமீட்டர் போகும். பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் தவறிய குண்டு எங்கே போய் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. 12 போர் தோட்டாவின் பெரிய சன்னங்கள் பன்றியை வீழ்த்துவது முப்பது, நாற்பது மீட்டருக்குள். அதைத் தாண்டி வேகம் சடசடவென்று இறங்கிவிடும். இரவில் பன்றி கன்றைக் கிளறும் தூரமும் அதற்குள்தான். இந்த நிலத்துக்குப் பொருந்திய எட்டு தூரம் அது.

ஷாட்கனிலும் செமி ஆட்டோமேட்டிக் உண்டு. ஐந்து தோட்டா ரகம் பழைய உரிமங்களோடு சிலர் கையில் இன்னும் இருக்கிறது. வாங்க அனுமதி கிடைத்தாலும், குறைந்த வசதிக்காரருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். வாயுவால் இயங்கும் சிலவற்றில் மேகசின் குழாயைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். 1963இல் வந்த ரெமிங்டன் 1100இல் அது காய்ந்து வெடித்துவிட்டால் துப்பாக்கி தோட்டாவைத் தள்ள மறுக்கும். சில்லறைக் காசுக்குரிய பொருள்தான். ஆனால் இங்கே துப்பாக்கிச் சாமான் விற்கவும் பழுது பார்க்கவும் உரிமம் பெற்ற கடை வேண்டும், அப்படிப்பட்ட கடை தெருவுக்குத் தெரு இல்லை. அக்கம்பக்கத்து வொர்க்‌ஷாப்பில் கொடுத்துத் தட்டி வாங்கும் வழி அடைபட்டது. சுருள்வில், பிடிகொக்கி, ரப்பர் வளையம் என்று உறுப்பு கூடக் கூட, அவற்றுக்காக நகரத்துக்கு அலையும் நாளும் கூடும். கையால் முன்கட்டையை இழுத்து ஏற்றும் பம்ப் துப்பாக்கி இதைவிடப் பரவாயில்லை. அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் பதற்றத்தில் பாதி இழுத்துத் தள்ளிவிட்டால் அதுவும் சிக்கும்.

எஞ்சுவது மடித்துத் திறக்கும் ரகம். என் தேர்வு இரட்டைக் குழல், அது எட்டாவிட்டால் ஒற்றைக் குழல். இரண்டு குழலுக்கும் தனித்தனி விசை உள்ள இரட்டைக் குழலை ஒரே கட்டையில் பொருத்திய இரண்டு துப்பாக்கி என்றே சொல்லலாம். ஒரு பக்கம் கெட்டாலும் மறுபக்கம் சுடும். மடித்தால் காலியா நிரம்பியதா என்று எதிரே நிற்பவருக்கும் தெரியும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது பெரிய விஷயம். ஒன்றுக்கு மேல் சுட வேண்டிய தேவை எவ்வளவு என்று பார்த்தால், முதல் வெடிக்கே கூட்டம் கலைந்து ஓடிவிடும், இரண்டாவதற்கே அரிதாகத்தான் வாய்ப்பு. ஐந்து தோட்டாவும் பதினைந்து தோட்டாவும் நம்பிக்கையைத் தருகின்றன, பன்றியைத் தருவதில்லை.

பழைய துப்பாக்கி மலிவு என்பதால் பலர் அதைத்தான் தேடுவார்கள். பார்க்க வேண்டிய விதம் இது. முன்கட்டையைக் கழற்றிவிட்டு, குழலை மூடிய நிலையில் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்ட வேண்டும். கீலில் ஆட்டம் தெரிந்தால் வேண்டாம். பூட்டு நெம்புகோல் மூடிய பின் நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் சாய்ந்து நின்றால் உள்ளே தேய்ந்துவிட்டது. குழலை வானத்துக்குக் காட்டி உள்ளே பார்க்கும்போது ஒளி வளையங்கள் ஒழுங்காக, ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரிய வேண்டும். எங்காவது நிழல் நெளிந்தால் அங்கே பள்ளமோ வீக்கமோ இருக்கிறது. கரும்புள்ளிகள் பழைய துருவின் தடம். குழலைத் தனியே கழற்றிக் கொக்கியில் விரலை விட்டுத் தொங்கவிட்டு நகத்தால் தட்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும். மொத்தையாக ஒலித்தால் இரண்டு குழலையும் சேர்த்த ஈயப்பற்று விட்டிருக்கிறது. பிறகு தோட்டா அறையின் நீளம். பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகள் பல இரண்டரை அங்குலத் தோட்டாவுக்குச் செய்தவை, இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டே முக்கால். பொருந்திப் போவதுபோல் தெரியும், ஆனால் வெடிக்கும்போது உறை விரிய இடமில்லாமல் அழுத்தம் கூடும்.

விலைக்கு வெளியே உள்ள செலவைக் கணக்கில் எடுக்காதவர்களே பிறகு திண்டாடுகிறார்கள். உரிமத்தை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டும். பூட்டு போட்ட இரும்புப் பெட்டி வேண்டும். தோட்டாவையும் உரிமம் சொல்லும் அளவில்தான் வாங்க முடியும். பன்றியைச் சுட வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் விதிகளையும் பார்க்க வேண்டும். பன்றி அங்கே காப்பு விலங்குப் பட்டியலில்தான் இருக்கிறது. மாவட்டப் போலீசில் தொடங்கி அலோர்ஸ்டார் வரை போகும் விண்ணப்பத்துக்கு நிலப் பத்திரத்தின் நகல்கள் வேறு.

இவ்வளவையும் எதற்காகச் செய்கிறோம் என்று திரும்பிக் கேட்டுக்கொள்ள வேண்டும். செம்பனை இருபத்தைந்து ஆண்டுப் பயிர். பன்றியால் சாகும் ஆபத்து கன்றுக்கு முதல் மூன்று ஆண்டில்தான். மரம் நெஞ்சளவு எழும்பி அடித்தண்டு முற்றியபின் பன்றி உதிர்ந்த பழத்தைத்தான் பொறுக்கும், அந்த இழப்பு தாங்கக்கூடியது. மூன்று ஆண்டுத் தேவைக்காக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு துப்பாக்கியை ஆயுள் முழுக்க வைத்துக் காப்பது சரியான கணக்காக எனக்குப் படவில்லை. கன்றைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு, எல்லையில் மின்கலத்தில் ஓடும் மின்வேலி, இவை மூன்று ஆண்டு நின்றால் போதும். பிறகு கழற்றிப் பக்கத்து நிலத்துக்கு மாற்றலாம். 2021 இறுதியில் தீபகற்பத்துக்குள் நுழைந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் காட்டுப்பன்றியையும் தொற்றக்கூடியது. எங்கே எவ்வளவு பன்றி இருக்கிறது என்று முதலில் தடம் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

வெளியே என்ன செய்கிறார்கள்? கேரளம் 2022இல் ஊராட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்து, உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர்களைப் பட்டியலிட்டு, ஊர் அழைத்தால் அவர்கள் வந்து சுடும் ஏற்பாட்டைச் செய்தது. தமிழ்நாடு 2025 ஜனவரியில் அறிவித்த வழி வேறு. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையே சுடும். உழவர் கையில் துப்பாக்கி தருவதில்லை. இந்தியாவிலும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் சாதாரணக் குடிமகனுக்கு இல்லை. 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் இருக்கவும் கூடாது. ஆஸ்திரேலிய உழவர்களிடம் ஒரு காலத்தில் செமி ஆட்டோமேட்டிக் தாராளமாக இருந்தது. 1996 ஏப்ரல் 28 அன்று போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டபின் அரசு அவற்றை விலை கொடுத்துத் திரும்ப வாங்கியது. அங்கும் விவசாயத் தேவையை நிரூபிப்பவருக்கு ஐந்து தோட்டாவுக்கு மேற்படாத ஷாட்கன் போன்ற சில மட்டும் விட்டுவைக்கப்பட்டன. 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் மாண்டபின் நியூசிலாந்தும் அந்த வழிக்கு வந்தது. உழவு பெருந்தொழிலாக இருக்கும் நாடுகளே எளிய துப்பாக்கியோடு பயிரைக் காத்துக்கொள்கின்றன.

கேரளத்து ஏற்பாடு தென்கெடாவுக்கு மிகவும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவசரகாலத்தில் புதுக்கிராமங்களின் ஊர்க்காவல் படையினரும் துப்பாக்கிகளைப் பகிர்ந்தே வைத்திருந்தார்கள், ஆளுக்கொன்று இல்லை. ஒரு வட்டாரத்தில் பத்துப் பதினைந்து சிறுதோட்டக்காரர்கள் சேர்ந்து, கண் கூர்மையும் பொறுமையும் உள்ள ஒருவருடைய உரிமத்துக்கு ஆதரவாக நிற்கலாம். தோட்டா, எண்ணெய், பெட்டி, பயணம் ஆகிய செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். துப்பாக்கி மட்டும் உரிமக்காரரின் கையைவிட்டு ஒரு இரவுக்குக்கூட நகரக் கூடாது. அவசரத்துக்கு மச்சானிடம் கொடுத்தேன் என்பது நீதிமன்றத்தில் எடுபடாது.

கடைசியாக, குடும்பங்கள் மறந்துவிடும் ஒரு காரியம். உரிமம் ஆளின் பெயருக்கு, வீட்டுக்கு அல்ல. உரிமக்காரர் காலமானால் துப்பாக்கியையும் மிச்சத் தோட்டாக்களையும் உடனே போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்து எழுத்தில் ஒப்புகை வாங்கிவிட வேண்டும். மகனுக்கு அது வேண்டுமானால் தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்கட்டும். கருமாதி முடியட்டும், பதினாறாம் நாள் கழியட்டும் என்று அலமாரிக்கு மேலேயே வைத்திருந்தால், அந்த நாள்களில் அந்த வீட்டில் இருப்பது உரிமமில்லாத துப்பாக்கி. உரிமப் புத்தகத்தின் நகலையும் நிலையத்தின் தொலைபேசி எண்ணையும் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த இடத்தில் இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.